ஆச்சி, தாத்தாவோடு மறுபடியும் திருச்செந்தூர்: குடும்பப் பயணத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பங்களில் பெரும்பாலானோருக்கு முதல் மொட்டை திருச்செந்தூரில்தான் போட்டிருப்பார்கள். தாய்மாமன் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்டதும், கடலை முதன்முதலாகப் பார்த்ததும் அங்கேதான். அப்புறம் படிப்பு, வேலை என்று சென்னை, பெங்களூரு, துபாய் என ஆளுக்கொரு பக்கம் போய்விடுகிறோம். ஊருக்கு வந்தாலும் காரில் போய், சிறப்பு வரிசையில் நின்று, சாமி கும்பிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுகிறோம். அது தரிசனம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஆச்சியும் தாத்தாவும் "அந்தக் காலத்துல திருச்செந்தூர் போனா..." என்று ஆரம்பிக்கிறார்களே, அந்தத் திருச்செந்தூருக்கு அவர்களை ஒருமுறை கூட்டிப்போவதற்கு வேறு மாதிரித் திட்டம் வேண்டும்.

இந்த வழிகாட்டி அதற்குத்தான். இரண்டு இரவு, மூன்று பகல் என்று கணக்கு வைத்து எழுதுகிறேன். பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலிலிருந்து தொடங்காமல், வீட்டில் மூத்தவர்களின் நினைவிலிருந்து தொடங்கச் சொல்வேன். இடங்கள் தானாக வந்து சேரும்.

படி 1: முதலில் கேளுங்கள், அப்புறம் டிக்கெட் போடுங்கள்

கிளம்புவதற்கு ஓரிரு மாதம் முன்பே பெரியவர்களிடம் பேச்சுக் கொடுங்கள். "பழைய கதை சொல்லுங்க" என்று கேட்டால் "என்னத்தச் சொல்ல" என்பதுதான் பதிலாக வரும். சின்னச் சின்னதாகக் கேளுங்கள். எந்த ஊரிலிருந்து கிளம்பினீர்கள்? வண்டி கட்டிப் போனீர்களா, ரயிலா, நடையா? ராத்திரி எங்கே படுத்தீர்கள், மடத்திலா, மணலிலா? கட்டுச்சோறு என்ன? கூட யார் யார் வந்தார்கள்? திரும்பும்போது என்ன வாங்கினீர்கள்? ஒரு கேள்விக்குப் பதில் வந்தால் அடுத்த நான்கு தானாக வரும். புளியோதரை கட்டிய வாழையிலையின் வாசம் வரை சொல்வார்கள். அப்படிச் சொல்லும்போது கைபேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். பேரப்பிள்ளைகளையே கேட்க விட்டால் இன்னும் நல்லது. மகனிடம் இரண்டு வரியில் முடிக்கிற கதையைப் பேத்தியிடம் அரை மணி நேரம் சொல்வார்கள்.

பழைய போட்டோக்களை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மொட்டைத் தலையில் சந்தனம் பூசி, அழுத முகத்தோடு ஸ்டூடியோவில் உட்கார வைத்து எடுத்த படம் ஏதாவது ஒரு பீரோவில் இருக்கும். பின்னால் எழுதியிருக்கும் தேதியையும் பாருங்கள். மாசித் திருவிழாவா, ஆவணியா, வைகாசி விசாகமா என்று அதிலிருந்து தெரிந்துவிடும்.

இப்படிக் கேட்டதிலிருந்து நபருக்கு ஒரு ஆசையை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். தாத்தாவுக்கு நாழிக்கிணற்றுக் குளியல், ஆச்சிக்குச் சில்லுக்கருப்பட்டி வாங்கிய கடைத்தெரு, அத்தைக்கு வள்ளி குகை, சித்தப்பாவுக்கு ரயிலில் ஜன்னலோரம். ஆளுக்கொன்று நிறைவேறினால் போதும். எல்லோருக்கும் எல்லாமும் என்று போனால் மூன்றாம் நாள் காலையில் பாதிப் பேர் அறையிலேயே படுத்திருப்பார்கள்.

படி 2: எந்த மாதம், எந்தக் கிழமை

நவம்பரும் டிசம்பரும் வேண்டவே வேண்டாம். வடகிழக்குப் பருவமழை இந்தக் கரையில் சில வருடம் மூர்க்கமாகப் பெய்துவிடும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து சென்னை கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் வெள்ளத்துக்கு நடுவே நின்றுபோய், பல நூறு பயணிகள் தவித்தார்கள். வயதானவர்களை வைத்துக்கொண்டு அந்த மாதிரி ஒரு சிக்கலில் மாட்டக் கூடாது.

உடல்நிலைதான் முக்கியம் என்றால் ஜனவரிக் கடைசி முதல் மார்ச் வரை நல்ல காலம். வெயில் ஏறியிருக்காது, பனங்கிழங்கு கிடைக்கும். மாசி பாதி தாண்டினால் பதநீரும் தலைகாட்ட ஆரம்பிக்கும். பிள்ளைகளின் பள்ளி விடுமுறைதான் கணக்கு என்றால் ஏப்ரல் கடைசி, மே. வெயில் கொளுத்தும், ஆனால் நுங்குக்கும் பதநீருக்கும் அதுதான் உச்சம். ஒன்றை நினைவில் வையுங்கள்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். மீன் அடியோடு கிடைக்காமல் போகாது, நாட்டுப்படகுக்காரர்கள் போவார்கள். ஆனால் விலை ஏறியிருக்கும், வகை குறைந்திருக்கும். ஆடி மாதம் தேரிப் பக்கம், அதாவது செம்மணல் மேடுகள் இருக்கும் பக்கம், காற்றடித்து மணல் கண்ணில் விழும்.

கிழமையைப் பொறுத்தவரை புதன், வியாழனில் போய் இறங்குவது உத்தமம். செவ்வாய், வெள்ளி, ஞாயிறு, கார்த்திகை, சஷ்டி எல்லாம் கூட்டம். பௌர்ணமி இரவில் கடற்கரையில் தங்கும் பழக்கம் இப்போது பெருகிவிட்டது. கைக்குழந்தையோடும் கைத்தடியோடும் அன்றைக்குப் போகாதீர்கள். தைப்பூசம், மாசித் திருவிழா, வைகாசி விசாகம், ஆவணித் திருவிழா, கந்த சஷ்டி இவற்றின் தேதிகளை நாட்காட்டியில் முதலிலேயே அடித்துவிடுங்கள். "எனக்கு அந்தப் பச்சை சாத்தியைப் பார்க்கணும்" என்று ஆச்சி கேட்டால் மட்டும் விதிவிலக்கு. மாசி, ஆவணித் திருவிழாக்களில் சண்முகர் சிவப்பு, வெள்ளை, பச்சை என்று வரிசையாக அந்தந்த நிற அலங்காரம் சாத்தி வருவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அதற்கு ஈடாக வேறொன்றைக் காட்ட முடியாது. அப்படியென்றால் கூட்டத்தைத் தாங்குகிற மாதிரி, ரத வீதியிலேயே அறை பிடித்து, மாடியிலிருந்து பார்க்க ஏற்பாடு செய்யுங்கள்.

படி 3: ரயிலில் போங்கள், அதுவும் பகலில்

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். சென்னையிலிருந்து செந்தூர் எக்ஸ்பிரஸ் நேராகத் திருச்செந்தூர் வரை போகிறது. மாலையில் ஏறினால் மறுநாள் காலை இறங்கலாம். வசதிதான். ஆனால் நெல்லை எக்ஸ்பிரஸில் திருநெல்வேலிக்குப் போய், ஜங்ஷனில் முகம் கழுவி, இட்லி சாப்பிட்டுவிட்டு, அங்கிருந்து திருச்செந்தூர் பாசஞ்சரில் ஏறிப் பாருங்கள். பழைய நினைவுகள் பாதி அந்தத் தண்டவாளத்தின் மேல்தான் கிடக்கின்றன.

இந்தப் பாதை 1923-இல் வந்தது. சுமார் 60 கிலோமீட்டர். ஜங்ஷனை விட்டதும் தாமிரபரணிப் பாலம். பாளையங்கோட்டை, செய்துங்கநல்லூர், தாதன்குளம், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, நாசரேத், கச்சனாவிளை, குரும்பூர், ஆறுமுகநேரி, காயல்பட்டினம், கடைசியில் திருச்செந்தூர். ஒவ்வொரு ஸ்டேஷன் பேர் வரும்போதும் பெரியவர்களில் யாராவது "இங்கதான் நம்ம பெரியத்தையைக் கட்டிக் கொடுத்தது" என்று ஆரம்பிப்பார்கள். ஸ்ரீவைகுண்டம் வரை வயலும் வாழையுமாகப் போகும். நாசரேத் தாண்டினால் பனை கூடும், மண் சிவக்கும். ஆறுமுகநேரிப் பக்கம் உப்பளம் வந்து, குவித்த உப்பு வெயிலில் கண்ணைக் கூசும்போது கடல் நெருங்கிவிட்டது என்று அர்த்தம். காரில் போனால் இந்த மாற்றம் தெரியாது, எல்லோரும் தூங்கிவிடுவார்கள்.

முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. 2024 நவம்பரில் 120 நாளிலிருந்து குறைத்துவிட்டார்கள். அதனால் நாளைக் குறித்து வைத்துக் காலையிலேயே போட்டுவிடுங்கள். கீழ் பெர்த் விஷயத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. 60 வயது தாண்டிய ஆண்களுக்கும் 45 வயது தாண்டிய பெண்களுக்கும் உள்ள கீழ் பெர்த் ஒதுக்கீடு, அவர்கள் தனியாகவோ இருவராகவோ ஒரு டிக்கெட்டில் பதிவு செய்தால்தான் கிடைக்கும். பத்துப் பேரையும் ஒன்றாகப் போட்டால் தாத்தாவுக்கு மேல் பெர்த் வந்து நிற்கும். ஆகவே தாத்தா, ஆச்சி இருவருக்கும் தனி டிக்கெட். மற்றவர்களுக்கு அதே வண்டியில் வேறு டிக்கெட். முதியோர் கட்டணச் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள், அதை எதிர்பார்த்துக் கணக்குப் போட வேண்டாம்.

கட்டுச்சோறு கட்டாயம். புளியோதரை, எலுமிச்சைச் சோறு, உருளைக்கிழங்குப் பொரியல், வடகம், ஒரு தூக்குச்சட்டியில் தயிர்சோறு. வாழையிலையை வாட்டிக் கட்டினால் கிழியாது. ஆன்லைனில் சாப்பாடு வரவழைக்கலாம்தான். ஆனால் பாசஞ்சரில் ஆச்சி பொட்டலம் பிரிக்க, பக்கத்து சீட்டுக்காரருக்கும் ஒரு கை கொடுத்துச் சாப்பிட்டுப் போவதைத்தான் நாம் மறுபடி செய்யப் போகிறோம்.

படி 4: அறை

சுருக்கமாகச் சொல்கிறேன். கோயிலுக்கு நடந்து போகிற தூரம். தரைத்தளம், இல்லையென்றால் லிப்ட். மேற்கத்தியக் கழிப்பறை. வெந்நீர். இந்த நான்கும் இருந்தால் மற்றது எப்படி இருந்தாலும் சரி. தனித்தனியாக ஐந்து அறை எடுப்பதைவிட ஒரு பெரிய ஹாலும் இரண்டு அறையும் எடுத்து, ஹாலில் பாய் விரித்து எல்லோரும் வரிசையாகப் படுங்கள். பேச்சு நள்ளிரவு வரை ஓடும்.

படி 5: என்ன மாறியிருக்கிறது என்று முன்பே சொல்லிவிடுங்கள்

பெரியவர்கள் மனதில் இருக்கும் கோயில் வேறு, இன்றைக்கு இருக்கும் வளாகம் வேறு. கோயிலைச் சுற்றி நிழலாக ஓடிய கிரிப்பிராகார மண்டபம் எல்லோருக்கும் நினைவிருக்கும். எத்தனையோ குடும்பங்கள் ராத்திரி துண்டை விரித்துப் படுத்த இடம். 2017 டிசம்பரில் அதில் ஒரு பகுதி இடிந்து விழுந்த பிறகு, பழைய மண்டபம் அகற்றப்பட்டது. பெருந்திட்ட வேலைகள் நடந்து, 2025 ஜூலை 7 அன்று குடமுழுக்கும் ஆனது. கடற்கரையும் அப்படியே இல்லை. சமீப ஆண்டுகளில் கோயில் முன்பு கடலரிப்பு அதிகம். படியை ஒட்டி மணல் சில சமயம் ஆளுயரத்துக்கு வெட்டுண்டு கிடக்கும், அடியில் பாறை தெரியும்.

இதையெல்லாம் அங்கே போய்த் திடீரென்று பார்த்தால் "நம்ம கோயிலையே காணோமே" என்று மனம் சோர்ந்துவிடுவார்கள். ஊரிலேயே புதுப் படங்களைக் காட்டி, "இந்த இடத்துல இப்ப இப்படி இருக்கு" என்று சொல்லிவிட்டால், போன இடத்தில் மாறாமல் இருப்பதைத் தேடிக் கண்டுபிடிப்பார்கள். மாறாததும் நிறைய இருக்கிறது. மேற்கே நிற்கும் ஒன்பது நிலை ராஜகோபுரம், சண்முக விலாச மண்டபம், தூண்டுகை விநாயகர், பன்னீர் இலை விபூதி, எல்லாவற்றுக்கும் மேலாகக் கடல் சத்தம்.

முதல் நாள்: கடலும் கடைத்தெருவும் மட்டும்

மத்தியானம் இறங்கினால் சாப்பிட்டுத் தூங்குங்கள். வந்த அன்றைக்கே தரிசனம் என்று பரபரக்காதீர்கள்.

வெயில் தாழ்ந்ததும் தூண்டுகை விநாயகரிடம் தொடங்குங்கள். அங்கே கும்பிட்டுவிட்டுத்தான் செந்திலாண்டவனிடம் போவது வழக்கம். அங்கிருந்து சன்னதித் தெரு வழியாக, ஆச்சியின் வேகத்தில், கடைகடையாக நின்று போங்கள். சங்கு, சோழி, பேர் எழுதித் தரும் சிப்பி, பல்லாங்குழி, பனையோலை விசிறி, கலர் கலராகக் கயிறு. பிள்ளைகள் கைக்கு ஐம்பது, நூறு ரூபாயைக் கொடுத்து அவர்களே பேரம் பேச விடுங்கள். பவளப்பாறைத் துண்டு யாராவது காட்டினால் மட்டும் வாங்கிவிடாதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். மன்னார் வளைகுடாவில் மிச்சமிருக்கும் பவளம் கடலிலேயே இருக்கட்டும்.

அப்புறம் கடல். பெரியவர்களுக்கு மடக்கு நாற்காலி இரண்டு எடுத்துப் போனால் பேருதவி. மணலில் உட்கார்ந்துவிடலாம், எழுந்திருப்பதுதான் கஷ்டம். கால் நனைப்பதற்கு ஆளுக்கொரு துணை. பிள்ளைகளை முழங்காலுக்கு மேல் விடாதீர்கள். அலை திரும்பும்போது காலடி மணலை இழுக்கும், பாறை வழுக்கும். அவ்வப்போது சொறி மீன், கடல் முள்ளெலித் தொல்லையும் உண்டு, அறிவிப்புப் பலகையையும் காவலர் சொல்வதையும் கேளுங்கள். சுக்கு காப்பி, சுண்டல், பருவமானால் அவித்த பனங்கிழங்கு. கிழங்கைக் கிழித்து நடுவில் இருக்கும் பீலியை எடுத்துவிட்டு, நார் உரித்துத் தின்னச் சொல்லிக் கொடுக்கும் வேலையை ஆச்சியிடம் விட்டுவிடுங்கள்.

இரண்டாம் நாள்: கடல், நாழிக்கிணறு, தரிசனம்

இந்த வரிசை மாறக் கூடாது. கடலில் மூழ்கி, நாழிக்கிணற்றில் உப்புப் போகக் குளித்து, ஈரம் துவட்டி, உடை மாற்றி, சாமி. அப்படித்தான் அவர்கள் செய்திருப்பார்கள்.

நாழிக்கிணற்றைப் பிள்ளைகளுக்கு நின்று காட்டுங்கள். கடல் கல்லெறி தூரத்தில் இருக்கிறது. படி இறங்கிப் போனால் பெரிய கிணற்றுக்குள்ளே ஒரு சின்னக் கிணறு, அதில் உப்பு கரிக்காத தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கிறது. சூரனோடு போர் முடிந்து தாகத்தில் தவித்த படைகளுக்காக முருகன் வேலால் தோண்டியது என்பது ஐதீகம். கடற்கரை மணலில் இறங்கும் மழைத்தண்ணீர், உப்புத் தண்ணீரைவிட எடை குறைவு என்பதால் அதன் மேல் மிதந்து நிற்கும். இந்தக் கரையில் பல இடத்தில் ஆழமில்லாத ஊற்று இனிப்பதற்கு அதுதான் காரணம். ஒன்றைச் சொன்னால் மற்றது பொய்யாகிவிடாது. பத்து வயதுப் பிள்ளைக்கு இரண்டையும் சொல்லலாம். படி ஈரமாக இருக்கும், நெரிசலும் இருக்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் இறங்க வேண்டாம். பேரன் ஒரு செம்பில் கொண்டுவந்து தலையில் ஊற்றட்டும், அந்தக் குளியலுக்கு ஈடே கிடையாது.

காலை ஐந்து, ஐந்தரைக்கெல்லாம் கடலுக்கு வந்துவிட்டால் வெயிலுக்கு முன் எல்லாம் முடியும். ஆறுபடை வீடுகளில் இது இரண்டாவது. மலையேற வேண்டியதில்லை என்பது வயதானவர்களுக்குப் பெரிய நிம்மதி. ஆனாலும் வரிசையில் நிற்க வேண்டும். முதியோருக்குத் தனி வழி, சக்கர நாற்காலி பற்றி முதல் நாள் மாலையே கோயில் அலுவலகத்தில் போய்க் கேட்டு வையுங்கள். ஆண்கள் சட்டையைக் கழற்றி, வேட்டியோடு போக வேண்டும். பெண்களுக்குச் சேலை, தாவணி, சுடிதார். கைபேசிக்கு உள்ளே அனுமதி இல்லை. அதனால் பிரிந்து போனால் எங்கே சந்திப்பது என்று போவதற்கு முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். சண்முக விலாசத்துக்கு வெளியே ஒரு தூணை அடையாளம் காட்டி, "யார் வழி தவறினாலும் இங்க வந்து உட்காரணும்" என்று சொல்லிவிட்டால் போதும். பெரியவர்கள் சட்டைப்பையிலும் பிள்ளைகள் பையிலும் ஒரு துண்டுச் சீட்டில் போன் நம்பர்.

வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் மொட்டை, காது குத்தை இந்தப் பயணத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு செலவு ஒன்றாகும் என்பதற்காகச் சொல்லவில்லை. நான்கு தலைமுறை ஒரே இடத்தில் மொட்டை போட்டது என்றால் அதை ஒட்டித்தான் எல்லோருடைய கதையும் கிளம்பும். அறநிலையத் துறைக் கோயில்களில் முடிகாணிக்கைக்கு 2021 செப்டம்பரிலிருந்து கட்டணம் கிடையாது. தாய்மாமனுக்கு மட்டும் முன்பே தேதி சொல்லி, விடுப்புப் போட வையுங்கள்.

வெளியே வரும்போது பன்னீர் இலை விபூதியை மறக்காமல் வாங்குங்கள். பன்னீர் மரத்து இலையில் விபூதியை வைத்து நீளவாக்கில் மடித்துத் தருவார்கள். இலையைப் பிரிக்காமல் அப்படியே ஒரு டப்பாவில் வைத்து எடுத்து வாருங்கள். வர முடியாத சொந்தக்காரர்களுக்குக் கொடுப்பதற்கு அதைவிட உயர்ந்தது இல்லை. ஆகவே எண்ணிக்கையைச் சற்றுத் தாராளமாகவே கணக்குப் போடுங்கள்.

பகல் முழுக்க ஓய்வு. சாயந்தரம் கோயிலுக்கு வடக்கே வள்ளி குகை. மணற்பாறைச் சரிவில் குனிந்து நுழைய வேண்டிய இடம், உள்ளே புழுக்கம். பிள்ளைகளும் நடுவயதுக்காரர்களும் போய்வரட்டும், மற்றவர்கள் வெளியே காற்றில் உட்காரலாம். பழைய போட்டோவை மறுபடி எடுக்க வேண்டும் என்று யாருக்காவது ஆசை இருந்தால், கோபுரம் பின்னால் தெரிய இந்த மாலை வெளிச்சத்தில் எடுங்கள். அந்தப் படத்தில் இருந்தவர்களில் இப்போது இல்லாதவர்களின் இடத்தை இட்டு நிரப்ப வேண்டாம், அப்படியே விட்டுவிடுங்கள். நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்த ஆச்சி அந்த நேரத்தில் கொஞ்சம் கலங்கினால், பேச்சை மாற்றாதீர்கள். கூட உட்காருங்கள்.

மூன்றாம் நாள்: தேரி, கருப்பட்டி, மணப்பாடு

இன்றைக்கு ஒரு வேன். காலை ஏழுக்குக் கிளம்பிவிடுங்கள்.

குலதெய்வம் இந்தப் பக்கமாக இருந்தால் முதலில் அங்கே. தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனார், மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார் என்று எத்தனையோ குடும்பங்களுக்கு இங்கே சாஸ்தா உண்டு. பங்குனி உத்திரத்தன்று சொந்தபந்தம் மொத்தமும் திரளும். உறவுகளைப் பார்க்க வேண்டும் என்றால் அன்று போங்கள், அமைதியாகக் கும்பிட வேண்டுமென்றால் வேறு நாள். அருஞ்சுனையில் மரநிழலில் அடுப்புக் கூட்டிப் பொங்கல் வைத்து, அங்கேயே சாப்பிட்டுக் கிளம்புவது வழக்கம். பானை, அரிசி, வெல்லம் எல்லாம் ஊரிலிருந்தே கட்டிக்கொள்ளுங்கள். குலதெய்வம் வேறு பக்கம் என்றாலும் தேரியைப் பார்க்காமல் போகாதீர்கள். செக்கச் சிவந்த மணல் மேடு மேடாக, நடுவே பனையும் முந்திரியும். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் இப்படி ஒரு நிலம் இருப்பதைப் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள்.

அடுத்தது உடன்குடி. இங்கத்திய பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு உண்டு. பருவத்தில் போனால் வழியிலேயே பதநீர் நிற்கும். உள்பக்கம் சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கியது, அதனால்தான் புளித்துக் கள்ளாகாமல் இனிப்பாகவே இருக்கிறது. தம்ளரில் வாங்காதீர்கள். பனையோலையை மடித்துக் கட்டிய பட்டையில் ஊற்றச் சொல்லி, அதிலே நுங்கையும் நழுவ விட்டுக் குடியுங்கள். ஓலையின் பச்சை வாசமும் சேர்ந்தால்தான் அது பதநீர்.

கருப்பட்டி வாங்கும்போது உடைத்துக் காட்டச் சொல்லுங்கள். காய்ச்சிய பாகைச் சிரட்டையில் ஊற்றி ஆறவிடுவதால் அரைக்கோளமாக இருக்கும். நல்ல கருப்பட்டியின் உள்பக்கம் மங்கிய பழுப்பாக, பளபளப்பில்லாமல் இருக்கும். உடைத்த இடம் சீனி மாதிரி மினுங்கினால் கலப்படம். நாக்கில் வைத்தால் இனிப்போடு லேசான உப்பும் கரிப்பும் வர வேண்டும். வெறும் இனிப்பு மட்டும் வந்தால் வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள். விலை மிக மலிவாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள். பனை ஏறுகிற ஆள் குறைந்துகொண்டே வருகிறார்கள், நல்ல சரக்கு மலிவாகக் கிடைக்க வழியில்லை. சுக்கு, ஏலம் போட்ட சில்லுக்கருப்பட்டியைத் தனியாக ஓலைக்கொட்டானில் வாங்குங்கள். அந்தக் காலத்தில் அடுப்புக்கு மேலே பரணில் புகை படும்படி வைப்பார்கள், இளகாது. இப்போது காற்றுப் புகாத ஜாடி போதும், ஈரக்கை படக் கூடாது.

அங்கிருந்து குலசேகரப்பட்டினம். தசரா வேஷத்துக்குப் பேர்போன முத்தாரம்மன் கோயில். வேஷம் கட்டிய மாமாக்கள் இல்லாத குடும்பம் இந்தப் பக்கம் குறைவு, கேட்டுப் பாருங்கள். இந்த ஊரில்தான் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். பிள்ளைகளுக்கு அது ஒரு சுவாரசியம்.

கடைசியாக மணப்பாடு. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணற்குன்றின் மேல் திருச்சிலுவைக் கோயில், 1581-இல் கட்டியது. 1542-இல் முத்துக்குளித்துறை என்ற இந்தக் கடற்கரைக்கு வந்த புனித சவேரியார் தங்கி ஜெபித்த குகை கீழே கடலைப் பார்த்தபடி இருக்கிறது. குகையில் ஒரு கிணறு. அங்கேயும் தண்ணீர் உப்புக் கரிக்காது. நேற்று நாழிக்கிணற்றைப் பார்த்த பிள்ளைகள் தாங்களாகவே அதைச் சொல்வார்கள். செப்டம்பர் 14 திருச்சிலுவைத் திருவிழாவை ஒட்டிய நாட்களில் ஊர் நிறைந்து வழியும். ஊருக்குள் பெண்கள் முடையும் பனையோலைப் பெட்டிகள் கிடைத்தால் வாங்குங்கள், அழகு மட்டுமில்லை, பல வருடம் உழைக்கும். குன்றின் மேல் வரை வண்டி போகாது என்று நினைத்தே பெரியவர்களைத் தயார் செய்யுங்கள். வெயில் தணிந்த பிறகுதான் ஏற வேண்டும்.

எடுத்துப்போக வேண்டியவை பற்றி

தினசரி மாத்திரை இரண்டு நாளுக்குக் கூடுதலாக, மருந்துச் சீட்டின் நகலோடு. ஊன்றுகோல். மடக்கு நாற்காலி. ஈரத்துணிக்குத் தனிப் பை. உடல் நீர் வற்றாமலிருக்க ஓஆர்எஸ் உப்புச் சர்க்கரைப் பொடி. திருச்செந்தூரில் அரசு மருத்துவமனை உண்டு. பெரிய சிகிச்சை என்றால் பாளையங்கோட்டையில் உள்ள திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைதான். செலவுக்கு ஒரே ஒருவரிடம் பொதுப்பணம் கொடுத்துவிடுங்கள். கடைத்தெருவில் "நான் கொடுக்கிறேன், நீ கொடுக்காதே" என்று இழுபறி இல்லாமல் போகும். சமையல், பாத்திரம், பிள்ளைகளைக் குளிப்பாட்டுவது எல்லாம் அம்மாக்கள் தலையில் மட்டும் விழாதபடி ஆண்களும் ஆளுக்கு ஒரு வேலையைக் கிளம்பும் முன்பே எடுத்துக்கொள்ள வேண்டும். மதினிமாருக்கும் இது ஊர்ப்பயணம்தான்.

திரும்பும் வழி

திருச்செந்தூரிலிருந்தே செந்தூர் எக்ஸ்பிரஸில் ஏறலாம். ஆனால் மூன்றாம் நாள் வேன் கையில் இருப்பதால் தூத்துக்குடிக்குப் போய் முத்துநகர் எக்ஸ்பிரஸைப் பிடிப்பதும் நல்ல யோசனைதான். சுமார் 40 கிலோமீட்டர். மணப்பாட்டையும் தூத்துக்குடி ரயிலையும் ஒரே சாயந்தரத்தில் வைத்தால் நெருக்கடியாகிவிடும், அதனால் இந்த வழி என்றால் மணப்பாட்டைக் காலையிலேயே முடித்து, தேரியை அதற்குப் பின் வையுங்கள். வழியில் காயல்பட்டினம் கடற்கரையில் சற்று நேரம் இறங்கிக் காற்று வாங்கலாம்.

தூத்துக்குடியில் மக்ரூன் வாங்காமல் வண்டி ஏற விட மாட்டார்கள். முந்திரி, முட்டை வெள்ளைக்கரு, சீனி, அவ்வளவுதான். முட்டை சாப்பிடாதவர்கள் வீட்டில் இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். காற்றுப் பட்டால் இளகும், அழுத்தினால் நொறுங்கும். கருப்பட்டிப் பெட்டி கீழே, அதன் மேல் துணி, அதற்கும் மேல் மக்ரூன் என்று அடுக்கி, விபூதி டப்பாவை மட்டும் ஆச்சி கைப்பையில் கொடுத்துவிடுங்கள்.